வயித்துக்குள்ள இருக்கறவங்களுக்கு சோறு போட்டாச்சா?



முதல்ல ரெண்டு வார்த்தை. புரோபயாட்டிக். ப்ரீபயாட்டிக். சத்தமா சொல்லிப் பாருங்க, முதல் எழுத்துதான் வித்தியாசம். மெடிக்கல் ஷாப், சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜ், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்னு எங்க பார்த்தாலும் முதல் வார்த்தைதான் கண்ணுல படும். ரெண்டாவதை யாரும் பெருசா கண்டுக்கறதில்லை. இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது வார்த்தை பக்கம் நின்னு பேசப் போகுது.

புரோபயாட்டிக்னா உயிரோட இருக்கற நுண்ணுயிரிகள். "போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தர வேண்டும்" என்பது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001ல சேர்ந்து வச்ச விளக்கத்தோட சாரம். ப்ரீபயாட்டிக் உயிர் இல்லை. அது அந்த உயிர்களுக்கான சாப்பாடு. நம்மால ஜீரணிக்க முடியாம பெருங்குடல் வரைக்கும் போய், அங்க இருக்கற நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகிற பொருள். பெரும்பாலும் நார்ச்சத்து வகை. 1995ல கிப்சன், ரொபர்ஃப்ராய்ட்னு ரெண்டு விஞ்ஞானிகள் வச்ச பேரு.

சுருக்கமா, முதலாவது விதை, ரெண்டாவது உரம்.

எனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?

நான் டாக்டர் இல்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் ஃபைனல் இயர். ஆனா எங்க சித்தி பையன் ஈரோட்டுல ஆறாவது படிக்கறான், வயசு 11. பேரு வேண்டாம், தம்பின்னே வச்சுக்கலாம். போன வருஷம் அவன் ஸ்கூல்ல மெடிக்கல் செக்கப் வச்சு, "வயதுக்கு அதிக எடை"ன்னு டிக் அடிச்சு ஒரு பேப்பர் குடுத்து விட்டாங்க. அந்தப் பேப்பர் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவன் சாப்பிடற தட்டு எல்லாருக்கும் பொதுச் சொத்து ஆயிடுச்சு. கல்யாண வீட்டுல ரெண்டாவது ஜாங்கிரி எடுத்தா முன்னப்பின்ன தெரியாதவங்க கூட கமென்ட் அடிச்சாங்க. "நல்லா சாப்பிடு கண்ணு"ன்னு ஊட்டி வளர்த்த அதே அம்மாயியே, "ஏங்கண்ணு, போதும் எந்திரி"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க.

அப்புறம் யாரோ ஒரு வீடியோ ஃபார்வேர்ட் பண்ணாங்க. "குழந்தையின் எடைக்குக் காரணம் குடல் பாக்டீரியா." சித்தி உடனே தினமும் ஒரு குட்டி பாட்டில் புரோபயாட்டிக் ட்ரிங்க், கூடவே பவுடர் சாஷே ஒண்ணு வாங்க ஆரம்பிச்சாங்க. மாசம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல செலவு. சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோன அம்மாவுக்கு கையில எடுத்துக் குடுக்க ஏதாவது ஒண்ணு வேணும்ல?

செமஸ்டர் லீவுல நான் போயிருந்தப்போ தம்பி கேட்டான்: "அக்கா, இந்தப் பூச்சிங்க உள்ள போய் என் கொழுப்பைத் தின்னுடுமா?"

சிரிப்பு வந்துச்சு. ஆனா அவன் சீரியஸாத்தான் கேட்டான். அந்த வாரத்துலதான் சித்தி இன்னொண்ணும் சொன்னாங்க. ஸ்கூலுக்குக் கொண்டுபோற டிஃபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பிஸ்கட் டப்பா காலியாகுது. மத்தவங்க கண் முன்னாடி சாப்பிடவே அவனுக்குக் கூச்சம் வந்துடுச்சு. 11 வயசுல!

அவன் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லணும்னுதான் நான் படிக்க உட்கார்ந்தேன்.

குடல் ஒரு ரியாக்டர்

நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்குன்னு 2016ல வந்த ஒரு கணக்கு சொல்லுது. நம்ம சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அந்த பாக்டீரியாக்கள்ல பெரும்பாலானவை பெருங்குடல்லதான் குடியிருக்கு. அத்தனையும் சேர்த்தாலும் எடை கால் கிலோ கூட வராது.

இப்போ சாஷே கவரைப் பாருங்க. "500 கோடி"ன்னு போட்டிருந்தா பிரமிப்பா இருக்கும். ஆனா 38 லட்சம் கோடியை 500 கோடியால வகுத்தா 7,600 வரும். அதாவது ஏற்கெனவே குடியிருக்கற 7,600 பேருக்கு நடுவுல புதுசா ஒருத்தர் வந்து இறங்கற மாதிரி. அதுவும் வயித்து ஆசிட்ல தப்பிப் பிழைச்சு வந்தா!

கெமிக்கல், பயோடெக் பசங்களுக்கு கெமோஸ்டாட் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் ஃபீட் வந்துட்டே இருக்கும், இன்னொரு பக்கம் வெளியே போயிட்டே இருக்கும். உள்ள விட்ட பாக்டீரியா, திரவம் வெளியேறற வேகத்துக்கு ஈடு குடுத்து வளரணும். இல்லைன்னா? வாஷ்அவுட். எத்தனை கோடி ஊத்தினாலும் கொஞ்ச நேரத்துல டேங்க்ல ஒண்ணும் மிஞ்சாது. (குடல் ஒண்ணும் பெர்ஃபெக்ட் கெமோஸ்டாட் இல்லை, வைவாவுல என்னை மாட்டி விடாதீங்க.) ஆனா வெளியிலிருந்து சாப்பிடற புரோபயாட்டிக் விஷயத்துல கிட்டத்தட்ட இதுதான் நடக்குது. பெரும்பாலானவை குடல்ல நிரந்தரமா தங்கறதில்லை. குடிக்கிற வரைக்கும் வந்து போகும், நிறுத்தினா சில நாள்ல காணாம போயிடும்.

ரியாக்டர்ல எது வளரும், எது சாகும்னு தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு ஃபீடுக்குத்தான். இதை இயற்கை நம்மளை விட முன்னாடியே கண்டுபிடிச்சு வச்சிருக்கு. தாய்ப்பால்ல லாக்டோஸ், கொழுப்பு ரெண்டுக்கும் அடுத்து அதிகமா இருக்கற திடப்பொருள் என்ன தெரியுமா? குழந்தையால ஜீரணிக்கவே முடியாத ஒருவகை சர்க்கரைத் தொடர்கள். படிச்சதும் எனக்கு ஆச்சரியம். அம்மா உடம்பு கஷ்டப்பட்டுத் தயாரிச்சு, குழந்தைக்கு ஆகாத ஒண்ணை ஏன் பால்ல வைக்கணும்? அது குழந்தைக்கு இல்லை, குழந்தையோட குடல்ல வளர வேண்டிய பிஃபிடோபாக்டீரியாவுக்கு. உலகத்தோட முதல் ப்ரீபயாட்டிக் அதுதான்.

எலிகள் சொன்ன கதை

"குண்டா இருக்கறதுக்கு பாக்டீரியாதான் காரணம்"னு சொல்ற வீடியோக்கள் முழுப் பொய் சொல்லலை. பாதிக் கதையோட நிறுத்திடுது.

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல இருக்கற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி கார்டன்னு ஒரு விஞ்ஞானி. அவரோட குழு 2013ல ஒரு சோதனை பண்ணாங்க. நாலு ஜோடி இரட்டைச் சகோதரிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தர் ஒல்லி, ஒருத்தர் பருமன். அவங்க மலத்துல இருந்த பாக்டீரியாக்களை, குடல்ல நுண்ணுயிரியே இல்லாம வளர்த்த எலிகளுக்குள்ள செலுத்தினாங்க. பருமனானவரோட பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு அதிகமா சேர்ந்துச்சு. ஒல்லியானவரோடது போன எலிகளுக்கு அப்படி ஆகலை.

அடுத்து ரெண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டுல விட்டாங்க. எலிகள் ஒண்ணோட புழுக்கையை இன்னொண்ணு தின்னும். ஒல்லிப் பக்கத்து பாக்டீரியாக்கள் மத்த எலிகளுக்குள்ளயும் குடியேறி, கொழுப்பு சேர்றதைத் தடுத்துச்சு. வீடியோக்கள் இந்த இடத்துல "பார்த்தீங்களா!"ன்னு முடிச்சிடும்.

ஆனா மீதிக் கதை இருக்கு. அந்த நல்ல குடியேற்றம் நடந்தது, பழம் காய்கறி அதிகமாவும் கெட்ட கொழுப்பு கம்மியாவும் இருந்த தீனி போட்டப்போதான். தீனியை மாத்தி, கொழுப்பைக் கூட்டி நாரைக் குறைச்சப்போ ஒல்லி பாக்டீரியாவால உள்ள நுழையவே முடியலை. விதை அதேதான். மண்ணுலதான் சத்து இல்லை.

சரி, அது எலி. மனுஷங்க? நியூசிலாந்துல ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல இதை நேராவே சோதிச்சாங்க. உடல் பருமன் உள்ள, 14 முதல் 18 வயசு வரையிலான 87 பேர். ஒல்லியா, ஆரோக்கியமா இருக்கறவங்களோட குடல் பாக்டீரியாவை மாத்திரைக்குள்ள அடைச்சு பாதிப் பேருக்குக் குடுத்தாங்க, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. (முகம் சுளிக்காதீங்க, சயின்ஸ் அப்படித்தான்.) 2020ல முடிவு வந்துச்சு. வயித்துப் பகுதிக் கொழுப்புல கொஞ்சம் மாற்றம் தெரிஞ்சுது. ஆனா பிஎம்ஐ-யில டம்மி மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு முழு ஊரையே கொண்டுபோய் இறக்கினப்பவே இதுதான் நிலைமைன்னா, ஒரு சாஷேல வர்ற ஒண்ணு ரெண்டு வகை பாக்டீரியா என்ன பண்ணிடும்? அதிக எடை உள்ள குழந்தைகள்கிட்ட நடந்த புரோபயாட்டிக் சோதனைகளோட முடிவுகளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. சிலதுல லேசான பலன், பலதுல ஒண்ணுமில்லை.

இதுக்காக புரோபயாட்டிக்கே ஏமாத்து வேலைன்னு கிளம்பிடாதீங்க. ஆன்டிபயாட்டிக் சாப்பிடற குழந்தைகளுக்கு வர்ற வயிற்றுப்போக்கைத் தடுக்க, சில குறிப்பிட்ட வகைகள் உதவும்னு நல்ல ஆதாரம் இருக்கு. டாக்டர் அதுக்காக எழுதிக் குடுத்தா அது வேற விஷயம். எடைக்காக எடுக்கறதுக்குத்தான் ஆதாரம் பத்தலை.

உரம் போட்டுப் பார்த்தவங்க

கனடாவுல கால்கரி பல்கலைக்கழகம். 7 முதல் 12 வயசுக்குள்ள, எடை அதிகமா இருந்த 42 குழந்தைகள். ஒரு குழுவுக்கு தினமும் 8 கிராம் ப்ரீபயாட்டிக் நார்ப்பொடி. இன்யூலின் வகை, சிக்கரி வேர்ல இருந்து எடுப்பாங்க. ஃபில்டர் காபித்தூள்ல கலக்கற அதே சிக்கரிதான். இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி தெரியற சாதாரண மாவுப்பொடி. யாருக்கு எதுன்னு குழந்தைகளுக்கும் தெரியாது. 16 வாரம் கழிச்சு, நார் சாப்பிட்டவங்களுக்கு உடல் கொழுப்பு சதவீதம் 2.4% குறைஞ்சிருந்துச்சு. மத்தவங்ககிட்ட கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. குடல்ல பிஃபிடோபாக்டீரியா கூடியிருந்துச்சு. முடிவு 2017ல வெளியாச்சு.

42 பேர் சின்னக் கூட்டம்தான். 2.4%-உம் மேஜிக் இல்லை. ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம், இங்க எந்த பாக்டீரியாவையும் வெளியில இருந்து கொண்டு வரலை. அந்தக் குழந்தைகளுக்குள்ள ஏற்கெனவே இருந்தவங்களுக்கு சோறு போட்டாங்க, அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்யுது? பாக்டீரியா நாரைப் புளிக்க வச்சு அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட்னு சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்தும். பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். இந்த அமிலங்கள் குடல் சுவர்ல இருக்கற சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 மாதிரி ஹார்மோன்களை வெளியிட வைக்கும். மூளைக்கு "போதும், வயிறு நிறைஞ்சுது"ன்னு மெசேஜ் அனுப்பறது இந்த ஹார்மோன்கள்தான். இன்ஸ்டாவுல எல்லாரும் பேசற ஓசெம்பிக் ஊசி இருக்கே, அது ஜிஎல்பி-1 மாதிரியே நடிக்கற மருந்து. ஊசியோட பலத்துக்கு நாரை ஒப்பிட முடியாது. ஆனா ரெண்டும் பேசற மொழி ஒண்ணுதான்.

அதனால தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: "பூச்சிங்க உன் கொழுப்பைத் திங்காதுடா. நீ என்ன சாப்பிடறியோ, அதுல மீதி விழறதைத்தான் திங்கும். நீ மைதா பிஸ்கட்டா சாப்பிட்டா அதுங்களுக்கு மிச்சமே இருக்காது."

"அப்போ அதுங்க பட்டினியா?"ன்னு கேட்டான்.

"ஆமா."

கொஞ்சம் வருத்தப்பட்டான்னு நினைக்கறேன்.

நம்ம அடுப்படியில என்ன இருக்கு?

ஒரு வாட்ஸ்அப் வதந்தியை முதல்ல ஓரமா வச்சிடலாம். "இட்லி ஒரு புரோபயாட்டிக்." இல்லை மக்களே. மாவு புளிக்கறது லியூகோனோஸ்டாக் மாதிரி பாக்டீரியாக்களாலதான், உண்மை. ஆனா இட்லிப் பானையில ஆவி வந்ததும் அதுங்க கதை முடிஞ்சுது. இட்லி நல்ல சாப்பாடு, ஈஸியா ஜீரணமாகும், ஆனா உயிரோட யாரும் உள்ள இல்லை. தயிர், மோர்ல இருக்காங்க. கொதிக்கக் கொதிக்க சாதத்துல தயிரை ஊத்தாம, ஆறினப்புறம் பிசைஞ்சா பிழைப்பாங்க.

பழைய சோறு இன்னும் சுவாரஸ்யம். ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச சோத்துல லாக்டிக் பாக்டீரியா வளரும். சூடு பண்ணாம சாப்பிடறதால உயிரோட உள்ள போகும். ஆறின சோத்துல மாவுச்சத்தோட ஒரு பங்கு ஜீரணமாகாத வடிவத்துக்கு மாறி, பெருங்குடல் பாக்டீரியாவுக்கு இரையாகும். தொட்டுக்க சின்ன வெங்காயம் கடிச்சா, அதுல இருக்கறது கால்கரி பொடியோட சொந்தக்கார நார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில பழைய சோத்தை வச்சு குடல் நோய்களுக்கான ஆய்வே நடந்திருக்கு. ஆனா அது நோய்க்கான ஆய்வு, எடை குறைக்கறதுக்கு இல்லை. பழைய சோறும் சோறுதான், நாலு தட்டு சாப்பிட்டா நாலு தட்டுதான்!

உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்ன அளவு: 6 முதல் 9 வயசுக்கு தினமும் குறைஞ்சது 21 கிராம் நார்ச்சத்து, 10 வயசுக்கு மேல 25 கிராம். இது நமக்கும் சேர்த்துத்தான். 100 கிராம் வெள்ளைச் சோத்துல அரை கிராம் கூட வராது. அதே 100 கிராம் கொய்யால 5 கிராம். வேக வச்ச கொண்டைக்கடலையில 7 கிராமுக்கு மேல. அப்புறம் தட்டைப்பயறு, கீரை, வாழைத்தண்டு, வாழைக்காய், பூண்டு, கம்பு, ராகின்னு போயிட்டே இருக்கும். ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டினா வயிறு உப்பும், ஹாஸ்டல் ரூம்மேட் வெளியே துரத்திடுவான். மெதுவா கூட்டணும், தண்ணி நிறைய குடிக்கணும்.

அந்தக் குட்டி பாட்டிலோட லேபிளையும் நானும் தம்பியும் சேர்ந்து படிச்சோம். ஒரு பாட்டில்ல சர்க்கரை சுமார் 10 கிராம். ரெண்டு ஸ்பூன் சர்க்கரையை ஊத்தித்தான் பாக்டீரியாவை உள்ள அனுப்பறாங்க. நார்ச்சத்து, பூஜ்யம். விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு இலையில ஒண்ணும் வைக்காத கதை.

வீட்டுல என்ன மாறுச்சு?

சித்திகிட்ட இதெல்லாம் லெக்சர் மாதிரி எடுக்கலை. ரெண்டே விஷயம்தான் கேட்டேன். ஒண்ணு, பாட்டில், சாஷே காசுக்குப் பழமும் சுண்டலும் வாங்கலாமா? ரெண்டு, அது தம்பிக்கு மட்டும் தனியா வேண்டாம், வீட்டுல எல்லாருக்கும் சேர்த்துப் பண்ணலாமா?

ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. ஒரு குழந்தைக்கு மட்டும் தனித் தட்டு வச்சா அது வைத்தியம் இல்லை, தண்டனை. சாயங்காலம் சுண்டல் எல்லாருக்கும் வந்துச்சு. சித்தப்பாவும் மிக்சருக்குப் பதிலா அதையே சாப்பிட்டார், முகத்தை மட்டும் ஒரு மாதிரி வச்சுக்கிட்டார். அம்மாயி, "இதைத்தானே நாங்க அந்தக் காலத்துல தின்னோம், இதுக்கு ஒரு படிப்பா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை.

குழந்தைகள் நல டாக்டர்கிட்டயும் போனாங்க. அவர் சொன்னது சித்திக்குப் பெரிய நிம்மதி. வளர்ற வயசுப் பசங்களுக்கு எடையைக் குறைச்சே ஆகணும்னு இல்லை. பல பேருக்கு எடை ஏறாம நின்னாலே போதும், உயரம் கூடக்கூட சரியாகும். பெரியவங்க பிஎம்ஐ கணக்கைக் குழந்தைங்க மேல போடக்கூடாது, வயசுக்கு ஏத்த சார்ட் தனியா இருக்கு. தூக்கம் வேணும், ஓடியாடணும். (பி.டி. பீரியடை மேக்ஸுக்கு எடுத்துக்கற எல்லா ஸ்கூலுக்கும் இதைப் போஸ்டர் அடிச்சு ஒட்டணும்.) குடல் பாக்டீரியா இந்தக் கதையில ஒரு பாத்திரம்தான், ஹீரோவும் இல்லை, வில்லனும் இல்லை. ஜீன், தூக்கம், தெருவுல விளையாட இடம் இருக்கா இல்லையா, கடையில எது சல்லிசா கிடைக்குதுன்னு நிறைய பாத்திரங்கள் இருக்கு.

ஆறு மாசம் ஆச்சு. அதிசயம் ஒண்ணும் நடக்கலை. தம்பி எடை கிட்டத்தட்ட அதேதான், உயரம் 3 செ.மீ. கூடியிருக்கு. டாக்டர் திருப்தின்னு சொன்னார். பிஸ்கட் டப்பா இன்னும் சில ராத்திரி காலியாகுதாம். ஆனா டிஃபன் பாக்ஸ் இப்போ காலியா திரும்பி வருது. எல்லாத்தையும் விட எனக்கு அதுதான் சந்தோஷம்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ கண்டிப்பா இருப்பாங்க. உலகம் முழுக்க 5 முதல் 19 வயசு வரைக்கும் 39 கோடிப் பேருக்கு மேல அதிக எடையோட இருக்காங்கன்னு 2022க்கான கணக்கு சொல்லுது. அவங்களை "குண்டு"ன்னு கூப்பிடற கூட்டத்துல நாமளும் இருக்கோம், ஜாலிக்குத்தான்னு சொல்லிக்கிட்டு. அந்த வார்த்தையால ஒரு கிராம் கூட குறையாது. சாப்பாட்டுத் தட்டை ஒளிச்சு வைக்க மட்டும்தான் அது சொல்லிக் குடுக்கும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ சின்னவங்களுக்கு என்ன வாங்கிட்டுப் போறதுன்னு யோசிச்சா, பஸ் ஸ்டாண்ட் வாசல்ல கூடையில கொய்யா விக்கற அக்கா கண்டிப்பா இருப்பாங்க. ஒரு கிலோ வாங்குங்க. உப்பு, மிளகாய்த்தூள் பொட்டலமும் கேட்டு வாங்கிக்கோங்க. வீட்டுக்குப் போய் நறுக்கி, எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க. யார் எத்தனை துண்டு எடுத்தாங்கன்னு மட்டும் எண்ணாதீங்க.